ஆடு கடிக்காத மரம் வேண்டுமா? கொஞ்சம் பொறுங்கள்

அழகர்கோவில் சாலையில் நர்சரி வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, தண்ணி கேக்கக்கூடாது, ஆடு கடிக்கக்கூடாது, வெட்டுனாலும் துளிர்க்கணும், வருசம் பூரா பூக்கணும்." முதல் மூன்றும் சீமைக்கருவேலத்துக்கே உண்டு. அதனால் இந்த லட்சணங்களோடு புதுக் கன்று வந்தால், விற்பதற்கு முன் கொஞ்சம் சோதித்துவிடுவேன்.

முதலில் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். 'மஞ்சள் கொன்றை' என்றால் இரண்டு மூன்று மரங்களைக் காட்டுவார்கள். அதில் ஒன்று சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். முதுமலைக் காட்டில் பரவி, இப்போது அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்புகிறார்கள். பெயர் கையில் இருந்தால், நம்மைப் போல வெயில் காயும் வேறு நாட்டில் அது களையாகியிருக்கிறதா என்று தேடலாம். ஆகியிருந்தால், எனக்குப் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். மஞ்சள் மணி மாதிரிப் பூக்கும் டெக்கோமா ஸ்டான்ஸ் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் களை. இங்கே வீட்டுக்கு வீடு வாசலில் நிற்கிறது.

அடுத்து, ஏற்கெனவே வளர்ந்த மரத்தைப் போய்ப் பாருங்கள். கூட்டிப் பெருக்குகிற தோட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழியில், பக்கத்துச் சாக்கடை ஓரம், சுவர் வெடிப்பு, கண்மாய்க்கரை எல்லாம் நடந்து பாருங்கள். யாரும் நடாத கன்று எத்தனை, தாய்மரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அடியால் அளந்து எழுதுங்கள். மரம் ஒற்றையாக நின்றும் காய் பிடிக்கிறதென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

பிறகு விதை. நூறு எடுத்து ஐம்பதை அப்படியே விதைக்கிறேன், ஐம்பதை வெந்நீரில் போட்டெடுத்து விதைக்கிறேன். நான் ஏமாந்தது இங்கேதான். சூபாபுல் (சவுண்டல்) விதை சும்மா போட்டதில் சிலதுதான் முளைத்தது, 'சாது மரம்' என்று நினைத்துவிட்டேன். தோல் கெட்டி, அவ்வளவுதான். வெந்நீர் பட்டது நெருக்கி முளைத்தது. முளைக்காத விதை சாகவில்லை, மண்ணுக்குள் வருசக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

ஆட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இலையைத் தின்னுமா? காயைத் தின்னுமா? சீமைக்கருவேலத்தில் இலையை விட்டுவிட்டுக் காயைத் தின்னும். புழுக்கையோடு விதை ஊரெல்லாம் போகும். டெக்கோமாவுக்கு ஆடே வேண்டாம். காய் வெடித்து, இறக்கை வைத்த விதை ஆடிக் காற்றில் போய்விடும்.

மரமல்லி வேரிலிருந்து கன்று விடும். ஆனால் இங்கே அது காய்ப்பதே அபூர்வம். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், கண்மாய்க்கு ஆபத்தில்லை. அதை விற்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் இதையே 49 கேள்விகளாக்கி மதிப்பெண் போடுகிறார்கள். 6க்கு மேல் போனால் அனுமதி கிடையாது. என்னிடம் அவ்வளவு கணக்கில்லை. டெக்கோமா கன்று போடுவதை நிறுத்திவிட்டேன். வாசலில் மரம் வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர்களிடம், காய் பச்சையாக இருக்கும்போதே கத்தரித்துவிடச் சொல்கிறேன். கண்மாயை ஒட்டி வீடு என்றால், தூரோடு எடுத்துவிட்டு வாருங்கள், பதிலுக்கு ஒரு சரக்கொன்றைக் கன்று தருகிறேன், காசு வேண்டாம்.