தனி டம்ளர் வழக்கும் மூட் கோர்ட் சறுக்கல்களும்

டீக்கடையில் பட்டியல் சாதியினருக்குத் தனி டம்ளர். சட்ட மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட் போட்டியில் இப்படியொரு மூட் ப்ராப்ளம் (கற்பனை வழக்கு) வந்தால் கொங்குப் பக்கத்து மாணவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இரட்டைக் குவளை பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். வம்பே அங்கேதான். தெரிந்த சங்கதி என்பதால் பட்டிமன்றத் தொனி வந்துவிடுகிறது. தீண்டாமையின் கொடுமையை மூன்று நிமிடம் பேசி முடித்ததும் பெஞ்ச், அதாவது நீதிபதிகள் வரிசை, கேட்கும்: "சரி, எந்தப் பிரிவு?"

அவசரத்தில் அரசியலமைப்பின் ஆர்ட்டிகிள் 14 (அரசு எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும்) என்பார்கள். டீக்கடைக்காரர் அரசு இல்லையே என்று எதிரணி மடக்கும். தீண்டாமையை ஒழிக்கும் ஆர்ட்டிகிள் 17-க்கும், கடை, ஓட்டல் போன்ற இடங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் 15(2)-க்கும் அந்தச் சிக்கல் கிடையாது, தனியாரையும் கட்டுப்படுத்தும். 17 பற்றி 1982-லேயே ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, பொதுமக்களுக்காக ஓட்டலில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அதுவரை எல்லோரும் வருவார்கள். தீண்டாமைதான் காரணம் என்று யார் நிரூபிப்பது? அதே சட்டத்தின் 12-வது பிரிவைப் புரட்டியிருந்தால் தெரியும்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், மறுப்பது எதிர்த்தரப்பின் பாரம்.

கடைக்காரருக்காக வாதாடும் அணி இங்கேதான் கண்ணை விரித்துப் படிக்க வேண்டும். புகார்தாரர் கிறிஸ்தவராக மதம் மாறியவர் என்று மூட் ப்ராப்ளத்தின் ஏதோ ஒரு வரியில் ஒளித்து வைத்திருப்பார்கள். 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள். அப்படியானால் 12-வது பிரிவின் அனுமானமே ஆட்டம் காணும்.

பழைய எண்களை ஒப்பிப்பதும் உண்டு. பலர் பார்க்க இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x), 2016 முதல் 3(1)(r) ஆகிவிட்டது. பாத்திரம் பற்றி அதே திருத்தத்தில் 3(1)(za)-வும் வந்தது. அதைத் தொடாமல் போகிற அணிகள் உண்டு. இந்தச் சட்டத்தில் கைதுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற சுபாஷ் காசிநாத் மகாஜன் தீர்ப்பை (2018) நீட்டுபவர்கள், அந்த அனுமதி தேவையில்லை என்று அதற்குப் பின் வந்த 18ஏ பிரிவையும், அதை 2020-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றதையும் பார்த்திருக்க வேண்டும். முன்ஜாமீனுக்கு இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438 இல்லை, அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482.

பதற்றத்தில் "மை லார்டுங்க" என்று வாய் தவறினால் நீதிபதி சிரித்துவிட்டு விட்டுவிடுவார். கேள்விக்கு "அதுக்கு அப்புறம் வர்றேனுங்க" என்று தள்ளிப்போட்டால்தான் மார்க் போகும்.