ஆட்டுக்கறியைக் கடைப்பையோடு ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

தீபாவளியன்று விடியற்காலையில் கறிக்கடையில் வரிசையில் நின்று மூன்று கிலோ வாங்கி வருகிறோம். ஒரு கிலோ அன்றைய குழம்புக்கு. மீதி இரண்டு கிலோ, கடையில் கொடுத்த பையோடு அப்படியே ஃப்ரீசருக்குள் போகிறது. வீடுகளில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான்.

அப்போது அறுத்த கறியில் சூடு மிச்சமிருக்கும், பையைத் தொட்டாலே தெரியும். அதை உருண்டையாக வைத்தால் வெளிப்பக்கம் கல்லாகிவிடும், நடுப்பகுதி குளிர வெகுநேரம் பிடிக்கும். 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைய வைத்தாலும் அவை சாகாது, தூங்கும், அவ்வளவுதான். மஞ்சள் தடவினால் கெடாது என்று நம்பி வெளியே வைப்பதும் வேண்டாம்.

அரை அரைக் கிலோவாகப் பிரித்து ஜிப் கவரில் போடுங்கள். உள்ளங்கையால் அழுத்தி, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். காற்று தங்கிய இடத்தில்தான் கறி வெளுத்து நார்நாராகக் காயும். நெஞ்செலும்பின் முனை கவரைக் குத்திக் கிழிக்கும், அதற்கு இரட்டைக் கவர் நல்லது. தேதி எழுதுங்கள். முதலில் தனித்தனியாகப் படுக்க வைத்து, உறைந்த பிறகு அடுக்குங்கள்.

கறியைக் கடைசியாக வாங்குங்கள். வாங்கிய கையோடு காய்கறி மார்க்கெட்டைச் சுற்ற வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும். நம்மூரில் முக்கால்வாசி நாள் அப்படித்தான்.

உறைய வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைப்பதானால் 4 டிகிரியில் கறித்துண்டுகள் 3 முதல் 5 நாள் தாங்கும். கொத்துக்கறி, ஈரல், குடல் எல்லாம் 1 அல்லது 2 நாள்தான். மேலே ஒட்டியிருக்கும் கிருமியைக் கொத்தும் கத்தி உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. மூடி போட்ட பாத்திரத்தில், கடைசித் தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் ரத்தத்தண்ணீர் கீழே கொத்தமல்லிக் கட்டில் சொட்டும்.

அப்புறம், ராத்திரி சிங்க்கில் எடுத்துப் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம். முதல் நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் போதும். அவசரம் என்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகியதும் சமைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இளகியதைத் திரும்ப உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைக்கும். கரண்ட் வந்ததும் பாருங்கள்: கறியில் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். முழுக்க இளகி, குளிர்ச்சியும் போய்விட்டிருந்தால், வாடை இல்லாவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.