புதிதாகப் பாலிஷ் போட்ட மரத்தரையில் சின்னக் குறைகள்: நாமே சரிசெய்வது எப்படி

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடி அறைக்குத் தேக்குப் பலகைத் தரை. வீடு கட்டிய நாளிலிருந்து இருக்கும் மரம். போன வருடம் பழைய வார்னிஷை எல்லாம் மெஷின் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, புதிதாக பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டோம். சாயங்காலம் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலை கிழக்கு ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்ததும்தான் மற்றதெல்லாம் தெரிந்தது: மணல் தூவினாற்போலத் தூசிப் புள்ளிகள், சுவரோரம் ஒரு வழிசல், பாலிஷே படாமல் விட்டுப்போன ஒரு திட்டு.

புதுத் தரையில் இதெல்லாம் சகஜம். இவற்றில் பாதிக்கு மேல் நம் கையாலேயே சரியாகும். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

முதலில் காய விடுங்கள்

"நல்லாக் காயறதுக்கு முன்னாடி கை வைக்காதீங்கம்மா" என்று பாலிஷ் போட்ட அண்ணன் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்கவில்லை. மூன்றாம் நாளே ஒரு தூசிப் புள்ளியை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். பாலிஷ் பிசின் போலத் திரண்டு தாளில் ஒட்டியது. இன்னும் அழுத்தினேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மரமே வெளியே வந்துவிட்டது. ஒரு புள்ளிக்காக ஆரம்பித்து மூன்று பலகைகளுக்கு மறுபடி பாலிஷ் போட வேண்டியதாயிற்று. இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம்.

தண்ணீர் வகை பி.யூ. என்றால் ஒரு நாளில் சாக்ஸ் போட்டு நடக்கலாம், மூன்று நான்கு நாளில் நாற்காலி மேசை வைக்கலாம். உள்வரை இறுகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். எண்ணெய் வகை பி.யூ. முழுதாக இறுக 30 நாள்கூட ஆகும். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் அதோடு சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள், ஈரக் காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது. தேக்கில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த மரத்துக்கே எண்ணெய்ப் பசை இருப்பதால், எண்ணெய் வகைப் பாலிஷ் சில இடங்களில் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் 320 நம்பர் தாளால் லேசாக நாலு தேய் தேயுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். தாளில் அப்பிக்கொண்டால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

220, 320 நம்பர் உப்புத்தாள், 400 நம்பர் வாட்டர் பேப்பர், பெயின்டர்கள் பயன்படுத்தும் பசை குறைந்த மாஸ்கிங் டேப், புது பிளேடு, சின்ன ஸ்பாஞ்ச் பிரஷ், துவைத்த பழைய பனியன் துணி. எல்லாமே எஸ்.பி. ரோடு பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். முக்கியமான பொருள் ஒன்றை மட்டும் கடையில் தேடாதீர்கள். உங்கள் தரைக்குப் போட்ட அதே டப்பாவின் மிச்சப் பாலிஷ்தான் அது. பாலிஷ்காரர் கிளம்பும் முன் கேட்டு வாங்கி வையுங்கள். கம்பெனி ஒன்றாக இருந்தாலும் வேறு டப்பாவில் பளபளப்பு கொஞ்சம் மாறலாம்.

பழக்கமே இல்லாதவர்கள் மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம் போய் ஒரு துண்டுத் தேக்குப் பலகை வாங்கி, அதில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத் தரைக்கு வரலாம். நான் அப்படிச் செய்திருக்க வேண்டும்.

தேக்குத் தூள் சிலருக்கு மூச்சையும் தோலையும் உறுத்தும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தின்னர் திறந்திருக்கும்போது ஜன்னலெல்லாம் திறந்திருக்க வேண்டும். சாமி விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது. எண்ணெய் வகைப் பாலிஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அதை வெளியே தனித்தனியாக விரித்துக் காய விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது

டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் எல்லாக் குறையும் தெரியும். தெரிந்ததையெல்லாம் சரிசெய்யக் கிளம்பினால் வேலை முடியவே முடியாது. நான் வைத்துக்கொண்ட வழி இது: பகல் வெளிச்சத்தில் நின்றபடி பார்க்கும்போது கண்ணை உறுத்துவது எதுவோ, அதன் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டுவேன். எங்கள் அறையில் டார்ச்சுக்கு நாற்பதுக்கு மேல் தெரிந்தன. நின்று பார்த்தபோது ஒன்பதுதான். டேப்பை அன்றே உரித்துவிடுங்கள், நாள்கணக்கில் விட்டால் புதுப் பாலிஷையும் சேர்த்து உரிக்கும்.

கீறல் என்றால் விரலில் தண்ணீர் தொட்டு அதன்மேல் தடவுங்கள். வெள்ளைக் கோடு மறைந்தால் அது பாலிஷில் மட்டும் விழுந்த கீறல், மேலே ஒரு கோட் போட்டால் போய்விடும். ஈரத்திலும் அப்படியே தெரிந்தால் மரம் வரை இறங்கியிருக்கலாம். அதற்கு மேல்பூச்சு மட்டும் போதாது.

தூசிப் புள்ளியும் வழிசலும்

தூசிப் புள்ளிக்கு முதலில் காக்கிக் கவரை எடுங்கள். கடையில் சாமான் போட்டுத் தருவார்களே, அதே பழுப்புக் காகிதம். நாலாக மடித்து, மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பெரும்பாலான புள்ளிகள் இதிலேயே உதிர்ந்துவிடும். மிஞ்சியதற்கு, பள்ளிக்கூட ரப்பரில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, ஐந்தாறு தேய். விரலால் தடவி மேடு போய்விட்டதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மேட் பாலிஷில் அந்தத் தடம் அவ்வளவாகத் தெரியாது. பளபளப்புப் பாலிஷில் மங்கலாகத் தெரியும், அதற்குக் கார் பாலிஷ் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். அதில் சிலிக்கான் இருக்கக் கூடாது. இருந்தால் பிற்பாடு அதன்மேல் எந்தப் பாலிஷும் பிடிக்காமல் குழி குழியாக விலகும். தேங்காய் எண்ணெய் சிந்திய இடத்திலும் அப்படித்தான் விலகும்.

வழிசல் வெளியே காய்ந்தாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும், அதற்குக் கூடுதலாக நாள் கொடுங்கள். பிறகு அதன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிளேடை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, சுரண்டுவது போல மெல்ல மெல்ல மேட்டை எடுங்கள். சுற்றியுள்ள மட்டத்துக்கு வந்ததும் 320, அப்புறம் 400.

விட்டுப்போன திட்டு, கீறல், குமிழிக் குழி

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். திட்டு உள்ளங்கை அளவு இருக்கிறது என்று உள்ளங்கை அளவுக்கே பாலிஷ் தொட்டு வைப்போம். காய்ந்ததும் அதன் ஓரம் வட்டமாகத் தெரியும், பழைய குறையே தேவலை என்றாகிவிடும். குறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முழுப் பலகைக்கும் பாலிஷ் போடுங்கள், ஒரு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை. பலகைக்குப் பலகை நிறமும் ரேகையும் எப்படியும் மாறித்தான் இருக்கும். அதனால் புதுப் பாலிஷின் ஓரம் இணைப்புக் கோட்டில் முடிந்தால் கண்ணுக்கே தெரியாது.

அந்தப் பலகையின் நான்கு ஓரத்திலும், சரியாக இணைப்பின் மேல், டேப் ஒட்டுங்கள். 220 நம்பரால் ரேகைத் திசையில், பலகை முழுதும் ஒரே மாதிரி மங்கும் வரை லேசாகத் தேயுங்கள். ஓரங்களில் கை கனக்கக் கூடாது, மரம் சீக்கிரம் வெளிவருவது அங்கேதான். தூளை வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் வகைக்கு ஈரத் துணியாலும், எண்ணெய் வகைக்குத் தின்னர் தொட்ட பனியன் துணியாலும் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். தண்ணீர் வகைப் பாலிஷ் போடும் இடத்தில் இரும்பு நார் பக்கமே போக வேண்டாம், நுனி உடைந்து உள்ளே தங்கித் துருப்பிடிக்கும்.

பாலிஷ் டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். குச்சியால் அடிவரை நிதானமாகக் கலக்குங்கள். மேட், சாட்டின் வகைகளில் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் படிந்திருக்கும், அது கலக்காவிட்டால் அந்தப் பலகை மட்டும் தனியாக மின்னும். ஹார்ட்னர் (பாலிஷை இறுக வைக்கும் திரவம்) சேர்க்கும் வகை என்றால் கண்ணளவில் ஊற்றக் கூடாது. டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்து கலந்து, சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

ஸ்பாஞ்ச் பிரஷால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை, மெல்லியதாக, ஒரே இழுப்பு. போன வழியில் திரும்பப் போகாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக இழுத்து உரியுங்கள். காய்ந்ததும் 320 நம்பரால் லேசாகத் தேய்த்து இரண்டாவது மெல்லிய கோட். கனமாக ஒரே கோட் போட்டால் மறுபடி வழிசல்தான்.

ஆணிக் குழியும் இடைவெளியும்

பழைய ஆணிக் குழிகளுக்கு, கடைசியாகத் தேய்த்தபோது விழுந்த உங்கள் தரையின் மரத்தூளையே பாலிஷில் குழைத்துப் பட்டி பார்க்கலாம். வெள்ளைப் பசையில் குழைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பசை பட்ட இடம் பாலிஷை உறிஞ்சாது, திட்டாக நிற்கும். மெழுகுக் குச்சி வைத்து அடைப்பதென்றால் எல்லாப் பாலிஷும் முடிந்த பிறகுதான்.

பலகைகளுக்கு நடுவில் தெரியும் நூலிழை இடைவெளியைத் தொடாதீர்கள். மார்ச், ஏப்ரலில் மரம் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். கோடையில் இறுக்கி அடைத்தது மழையில் பிதுங்கும்.

நம் கைக்கு மீறியவை

அறை முழுதும் மெஷின் போட்ட சுருள் தடங்கள், நகத்தால் கீறினாலே தோல் போல உரியும் பாலிஷ், எல்லா இடத்திலும் குழி குழியாக விலகல். இவை அடியிலேயே நடந்த தவறு. படம் எடுத்து, பாலிஷ் போட்டவரையே கூப்பிட்டுக் காட்டுங்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து தரையைப் பார்த்துவிடுவது இருவருக்கும் நல்லது.

வேலை முடிந்ததும் நாற்காலிக் கால்களுக்குக் கம்பளிப் பட்டை ஒட்டுங்கள். கார்ப்பெட் விரிக்க, பாலிஷ் முழுதாக இறுகும் வரை பொறுங்கள். மிச்சப் பாலிஷைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி, தேதி எழுதி வையுங்கள். ஹார்ட்னர் வகை என்றால் இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக. எங்கள் ஜாடி மாடிப்படி அலமாரியில், வெயில் படாத தட்டில் இருக்கிறது.