பிராசசரா, ரேமா? எதை மாற்றுவது, எப்படி மாட்டுவது

செங்கோட்டையில் இருப்பவர் கம்ப்யூட்டர் பாகம் வாங்கத் தென்காசிக்கும் போகலாம், மலையைத் தாண்டிப் புனலூருக்கும் போகலாம். எங்கே போனாலும் கடைக்காரர் முதலில் கேட்பது, "என்ன போர்டு?" பாகங்கள் எல்லாம் மாட்டியிருக்கும் மதர்போர்டைத்தான் கேட்கிறார். பதில் தெரியாமல் பஸ் ஏறினால் இரண்டாவது நடை நிச்சயம்.

அதற்கும் முன்னால், குறை எங்கே என்று பாருங்கள். வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், போதவில்லை. சிபியு 100-லேயே நின்றால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் திணறுகிறது. இரண்டும் சும்மா இருக்க டிஸ்க் மட்டும் 100 காட்டினால் பிராசசரும் வேண்டாம், ரேமும் வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள்.

போர்டின் பெயரை சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டும். அதில் ரேம் வேகம் பாதியாகத் தெரியும். 1600 என்றிருந்தால் அது 3200 ரேம்தான், ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம்.

இனி சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1700. 10, 11-க்கு எல்ஜிஏ1200. 6 முதல் 9 வரை எல்லாமே எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயர்தான். ஆனால் 6, 7-க்கான போர்டில் 8, 9 ஓடாது. பழைய பாகம் வாங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 வகை ரேம், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700-இல் இரண்டு வகைப் போர்டும் உண்டு, அதனால் மாடல் எண்ணைப் பார்த்தே ரேம் வாங்குங்கள்.

ஏஎம்4 வைத்திருப்பவர்களுக்கு யோகம். பி450 போர்டில் பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 பிராசசர் போடலாம். அப்டேட்டைப் பழைய பிராசசர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இன்டெல் 6, 7 வைத்திருப்பவர்கள் அதே சாக்கெட்டில் பணம் போடுவது வீண் என்பேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறையாவது வேண்டும்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெலில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் தரும் பகுதி) கிடையாது. ரைசன் 5600-இலும் இல்லை, 5600ஜி-யில் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் இவற்றை வாங்கினால் திரை கறுப்பாகவே இருக்கும்.

வீட்டு வேலைக்கு 16 ஜிபி தாராளம். ஒரே 16-ஐ விட இரண்டு 8 நல்லது, ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள இரண்டு சேனலும் (பாதையும்) ஓடும். உள் கிராஃபிக்ஸ் ரேமையே கடன் வாங்கி ஓடுவதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மாட்டும்போது பவர் வயரைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். நாலு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து 2, 4-ஆம் ஸ்லாட்டுகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அது பொருந்தாமல் அழுத்தினால் ஸ்லாட் உடையும். பொருந்தியதும் இரண்டு முனையிலும் கட்டைவிரலால் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பலர் பயந்து பாதியில் விடுகிறார்கள். பிறகு பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடக்கூடும். டிடிஆர்5 முதல்முறை சில நிமிடம் திரை காட்டாமல் இருக்கும், அணைத்துவிடாதீர்கள்.

பிராசசரை மாற்றும்போது, அதன் மேலுள்ள ஏஎம்4 கூலரை (குளிர்விக்கும் ஃபேன்) நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள வெப்பம் கடத்தும் பேஸ்ட் இளகியதும் மெல்லத் திருகி எடுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லையா? ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. குற்றால சீசனில் சாரல் ஈரம் வீட்டுக்குள்ளும் நிற்பதால், நாளாவட்டத்தில் ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கும். மென்மையான வெள்ளை ரப்பரால் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டினாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

புது ரேமை, ரேம் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-இல் ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். அதற்கு, பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.