தனி ரூமா, ஷேரிங்கா?

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கல்லூரிக்காக ரூம் தேடினால் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். தனி ரூம் பல வீடுகளில் மொட்டை மாடியில்தான் இருக்கும். மதியம் 3 மணிக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், ராத்திரி வெகுநேரம் ஃபேன் அனல் காற்றைத்தான் சுற்றும். சப்-மீட்டர் (ரூமுக்கு மட்டும் தனி கரண்ட் மீட்டர்) இருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். குடிபோகும் அன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஷேரிங்கில் சண்டை லைட்டில்தான் தொடங்கும்: ஒருவர் 2 மணி வரை படிப்பார், இன்னொருவர் 5 மணிக்கே எழுவார். இதை முதலிலேயே பேசுங்கள். அட்வான்ஸுக்குத் தனித்தனி ரசீது அவசியம். ஒருவர் பாதியில் காலி செய்தாலும் கணக்கில் சிக்கல் வராது.

முதல் வருடம் என்றால் ஷேரிங்கே நல்லது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வாங்கித் தர ஒரு ஆள் வேண்டும்.