சோலார் பேனலைக் கூட்டாமல் பேட்டரியைக் கூட்டாதீர்கள்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் பல. "இன்னும் ரெண்டு பேட்டரி இருந்தா சமாளிச்சிருக்கலாம்" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பேனலை அப்படியே விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் கூட்டுவதுபோல் காசைக் கரைக்கும் தவறு வேறில்லை. விற்கிறவர்களும் இதைச் சொல்லித் தடுப்பதில்லை, எரிச்சலே அதுதான்.

500 வாட் பேனல், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட் என்றால் பொருத்தம் சரி. ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் சார்ஜ் வேண்டும். சூடும் தூசியும் தின்றதுபோக, நல்ல உச்சி வெயிலில் இந்தப் பேனல் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. பேரலலில் இன்னொரு ஜோடி சேர்த்தால் 30 ஆம்பியர் கேட்கும்; வருவது அதே 15. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதில் பாதி வந்தாலே அதிகம்.

நான்கும் நாள்கணக்கில் அரைகுறையாகவே நிற்கும். தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகும். இறுகியது லேசில் கரையாது; நன்றாயிருந்த பழைய இரண்டும் சேர்ந்தே போகும். இபி கரண்டில் சார்ஜ் ஆகுமே என்பார்கள். புயலன்று அது ஏது?

சந்தேகமிருந்தால் வெயில் இறங்கியதும் லோடை நிறுத்திவிட்டு, ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பாருங்கள். நிறைந்த டியூபுலரில் 1.240 அருகே காட்டும். வாரம் முழுக்க 1.190-ஐத் தாண்டவில்லையென்றால் பேனல் பத்தவில்லை.

இவையும் தவறுகள்தான்.

பழைய பேட்டரியோடு புதியது

சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பேட்டரிக்குப் போர்வெல் தண்ணீர்

கடலோரத்தில் உப்பு. எங்கானாலும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

தரையில் வைப்பது

போன வெள்ளம் சுவரில் ஏறிய மட்டத்துக்கு மேலே ஸ்டாண்டு போடுங்கள். காற்றோட்டமும் வேண்டும்.

ஒரு பேட்டரியில் 12 வோல்ட் × 150 ஏஎச் = 1800 வாட்-அவர் முழுதும் கிடைக்கும் என்று நம்புவது

தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 900, இன்வெர்ட்டர் இழப்பு போகக் கைக்கு வருவது 750 வாட்-அவர் சுமார். 75 வாட் ஃபேன் இரண்டு, ராத்திரி 8 மணி நேரம் ஓடினாலே 1200 ஆகிவிடும். அவற்றையே குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 480 போதும். மிச்சமாகும் 720, கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. இரவு லோடை எழுதும்போது முதலில் ஃபேனைப் பாருங்கள், பேட்டரி விலையைப் பிறகு விசாரிக்கலாம்.