தியேற்றர் காற்றில் எவ்வளவு கிருமி? ஏகார் தட்டு வைத்துப் பார்ப்பது எப்படி

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வைத்தியசாலை ஆய்வுகூடங்களுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். காற்றை உறிஞ்சி அளக்கும் கருவி இல்லாவிட்டாலும், சத்திரசிகிச்சை நடக்கும் தியேற்றரில் தானாக விழும் கிருமிகளை, அவை வளர்வதற்கான ஏகார் கூழ் ஊற்றிய தட்டில் பிடித்து எண்ணலாம். ஓட்டோகிளேவும் கிராம் சாயமிடலும் உங்களுக்குத் தெரியும்தானே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தட்டு

எண்ணுவதற்குப் போசணை ஏகாரே போதும். காலாவதியான மனித இரத்தம் கலந்த குருதி ஏகாரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளும், உறையாமலிருக்கச் சேர்த்த சிற்றேற்றும் சில கிருமிகளை அடக்கக்கூடும்.

தூளை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கரையுங்கள். பெரும்பாலும் லீற்றருக்கு 28 கிராம் வரும். 121 பாகையில் 15 நிமிடம் வைத்து, 50 பாகை அளவுக்கு ஆறியதும் 90 மி.மீ. கிண்ணத்துக்கு 20 மி.லீ. வீதம் ஊற்றுங்கள். பிறகு ஓர் இரவு 37 பாகையில் கவிழ்த்து வையுங்கள். மேலதிக ஈரம் போய்விடும், கெட்டுப்போன தட்டும் காலையில் தெரிந்துவிடும். பெயரையும் இலக்கத்தையும் அடிப்பக்கத்தில் எழுதுங்கள். மூடியில் எழுதினால், இரண்டு மூடி மாறியதோடு அன்றைய வேலை வீண்.

வைப்பது

நிலத்திலிருந்து 1 மீற்றர் உயரம், சுவரிலிருந்து 1 மீற்றராவது தள்ளி, 1 மணித்தியாலம். சத்திரசிகிச்சை மேசையருகே ஒன்று, கருவித் தட்டருகே ஒன்று, அறையில் இன்னும் இரண்டு. ஐந்தாவது தட்டையும் கொண்டுபோங்கள், ஆனால் திறக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். அதில் ஏதாவது முளைத்தால் பிழை உங்கள் தட்டில், தியேற்றரில் அல்ல.

அறை வெறுமையாக இருக்கும்போது ஒரு தடவை, சத்திரசிகிச்சை நடக்கும்போது ஒரு தடவை. உள்ளே எத்தனை பேர் நின்றார்கள், கதவு எத்தனை தரம் திறந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் எண்ணிக்கைக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

பூச்சியம் வந்தால் சந்தோசப்படாதீர்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். கிருமி கொல்லப் போமலின் புகையூட்டிய கையோடு தட்டை வைத்தால் அந்த ஆவி ஏகாரில் கரைந்து கிருமியை வளரவிடாது. தட்டு காய்ந்து மெலிந்தாலும் அதே கதைதான். நான்கு தட்டிலும் ஒன்றும் இல்லையென்றால் அறை சுத்தம் என்று எழுதிக் கொடுக்கத் தோன்றும். அதை நம்பி அடுத்த நோயாளியை மேசையில் ஏற்றுவார்கள்.

ஆகவே, எண்ணி முடித்ததும் அந்தத் தட்டுகளில் ஒன்றில், நன்றாக ஐதாக்கிய ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாக் கரைசல் ஒரு துளி இட்டு மறுபடி 37 பாகையில் வையுங்கள். அது முளைக்காவிட்டால் அன்றைய பூச்சியம் செல்லாது, திரும்ப எடுக்க வேண்டும்.

மேற்பரப்பில் சுவாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி) எடுப்பவர்களுக்கும் இதே பொறி உண்டு. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரத்தில் துடைக்குமுன், சுவாப்பை நனைக்கும் திரவத்தில் தொற்றுநீக்கியை முறிக்கும் பொருள் இருக்கவேண்டும். குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேற்று, நாற்பகுதி அமோனியச் சேர்வை வகைத் தொற்றுநீக்கிகளுக்கு லெசிதினும் பொலிசோர்பேற்று 80உம்.

வளர்ப்பதும் எண்ணுவதும்

கவிழ்த்து, 37 பாகையில் 48 மணித்தியாலம். மின்வெட்டு வந்தால் இன்கியுபேற்றர் கதவைத் திறக்காதீர்கள், தடைப்பட்ட நேரத்தைப் பதியுங்கள். பங்கசுக்குத் தனியாகச் சபுரோ ஏகார், 25 முதல் 28 பாகையில் 5 நாள். வன்னி வெயிலில் மேசைமேல் வைத்தால் அந்த வெப்பநிலை கிடைக்காது, ஏசி அறையில் வையுங்கள்.

தட்டுக்கு 5 கொலனிக்குள் (கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) மிக நன்று. 25 வரை சாதாரண தியேற்றருக்கு ஏற்கலாம். அதற்கு மேல் போனால் காரணம் தேடுங்கள். தோலில் வாழும் ஸ்டபிலோகொக்கஸ்தான் கூடுதலென்றால் ஆட்களையும் கதவையும் பாருங்கள். வித்தி உண்டாக்கும் பசிலசும் பங்கசும் கூடினால் தூசும் ஈரமும். கச்சான் வீசும் மாதங்களில் செம்மண் தூசு இடுக்கெல்லாம் புகும், மாரியில் சீலிங்கிலும் ஏசியிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

கதவிடுக்கில் மெல்லிய கடதாசிக் கீற்று ஒன்றைப் பிடியுங்கள். அது வெளிப்பக்கம் பறக்கவேண்டும். உள்ளே இழுபட்டால் நடைபாதைக் காற்று தியேற்றருக்குள் போகிறது. சுவரில் மாட்டும் ஏசி இருக்கும் காற்றையே சுற்றவிடும், வெளிக்காற்றை வடித்துத் தராது. மணிக்கு 20 தடவையாவது காற்று மாறவேண்டிய இடம் இது.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

மாதாமாதம் செய்ய வேண்டுமா? தேவையில்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டலும் காரணமில்லாத வழமையான மாதிரியெடுப்பைப் பரிந்துரைக்கவில்லை. புதுத் தியேற்றர் திறக்குமுன், திருத்தவேலைக்குப் பின், காயத்தொற்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது கட்டாயம் செய்யுங்கள்.

மாங்குளத்தில் வைத்த தட்டை வவுனியாவுக்கு அனுப்பலாமா? அன்றே போகுமென்றால் அனுப்பலாம். மூடியை நாடாவால் ஒட்டி, கவிழ்த்து, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஐஸ் தட்டைத் தொடக்கூடாது, இடையில் கடதாசி மட்டை வையுங்கள். தொட்டால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், கொலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், எண்ண முடியாது.